218 கிலோ உப்பு: மணலி பக்கத்துல ஒரு பேட்டரி, மேக்னெட் ட்ரையல்

வட சென்னையில மணலி புதுநகர் தாண்டி பொன்னேரி ஹைரோட்ல இருந்து உள்ள திரும்புனா, கண்டெய்னர் யார்டுங்களுக்கு நடுவுல ஒரு தகர ஷெட். வாசல்ல எடை மெஷின், பின்னாடி மழைத்தண்ணி தேங்கற பள்ளம், அந்தப் பள்ளத்துல இருந்து ஒரு வாய்க்கா, அது சுத்தி வளைச்சு போய் சேர்றது கொசஸ்தலை ஆறும் எண்ணூர் கழிமுகமும். வாய்க்கா பின்னாடி மறுபடியும் வரும்.

ஷெட்டுக்காரர எல்லாரும் பாய்னுதான் கூப்டுவாங்க, நானும் அப்படித்தான். கொடுங்கையூர்ல காயலான் கடையில ஆரம்பிச்சவர், மொதல்ல பழைய இரும்பு, அப்பறம் கம்ப்யூட்டர் போர்டு, இப்ப லேப்டாப் பேட்டரி, ஹார்ட் டிஸ்க், ஸ்கூட்டர் பேக். உடைச்சு பிரிக்கறதுக்கு முறையா பர்மிஷன் வெச்சிருக்கார். நான் திருவொத்தியூர்க்காரன், மணலியில ஒரு கெமிக்கல் ஃபேக்டரியில பிராசஸ் சைடுல வேல பாத்துட்டு வெளிய வந்து இப்ப சின்ன யூனிட்டுங்களுக்கு ஆலோசனை சொல்லிட்டு இருக்கேன். 2024 தீபாவளி முடிஞ்சு ஒரு நாள் பாய் கூப்ட்டு அனுப்புனார்.

"தம்பி, நம்ம கருப்பு மாவ மூட்ட கட்டி வாங்கினு போறான், அத கழுவி எடுத்து பல மடங்கு வெலைக்கு விக்கறான். அந்த கழுவுற வேலய நாமளே பண்ணா இன்னா?"

கருப்பு மாவுன்னா, பேட்டரிய அரைச்சு சலிச்சா காப்பர் தகடும் அலுமினிய தகடும் மேல நிக்க, கீழ விழற தூள். லித்தியம், கோபால்ட், நிக்கல், கிராஃபைட் எல்லாம் அதுலதான். கூடவே ஹார்ட் டிஸ்க்ல இருந்து கழட்டுன மேக்னெட்டும் ரெண்டு ட்ரம் நெறைய இருந்துச்சு. ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கு 10, 20 கிராம்தான் வரும், ரெண்டு ட்ரம்முன்னா எத்தன கம்ப்யூட்டர் செத்துருக்கும்னு கணக்கு போட்டுக்கங்க.

பாய் கேட்டது சின்ன ரிஃபைனரி, ஒரு ஷெட்டுக்குள்ள அடங்கறது, ஊரு மூக்க பொத்தாதது. நான் முடியும்னு சொன்னேன். அவசரப்பட்டு சொன்னேன்னு இப்ப தெரியுது.

பெரிய அளவுல பண்ண அனுமதி கிடையாது, அதனால 5 கிலோ பேட்ச், ஒரு மூலையில, வெளிய ஒரு சொட்டு விடாம எல்லாத்தயும் ட்ரம்ல பிடிச்சு வெக்கறதுன்னு முடிவு பண்ணோம். இந்த ஒரு முடிவுதான் எங்களுக்கு எல்லாத்தயும் காட்டிக் குடுத்துச்சு, ஏன்னா வாய்க்காவுல விட்டுருந்தா கணக்கே தெரிஞ்சிருக்காது.

ரோஸ் மில்க்

பழைய லேப்டாப் செல்லுல பெரும்பாலும் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு. பிரிச்சு எடுக்க சுலபம்னு அதையே மொதல்ல எடுத்தோம். செல்லுல மிச்சம் இருக்கற சார்ஜ எறக்காம கை வெச்சா தீதான். எல்லாரும் பண்ற மாதிரி உப்புத் தண்ணியில ஊறப் போட்டோம், ரெண்டாம் நாளே பாசிட்டிவ் முனை அரிச்சு தண்ணி துரு கலரா மாறி, உள்ள இருக்கற எலக்ட்ரோலைட் கசிஞ்சு நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாசன. அந்த எலக்ட்ரோலைட்ல கரைஞ்சிருக்கற உப்பு, தண்ணிய தொட்டா ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் வரும், தோல் மேல பட்டா மொதல்ல வலிக்கவே வலிக்காது, எலும்பு வரைக்கும் போவும். கால்சியம் குளூக்கோனேட் ஜெல் வாங்கி வெக்காம யாரும் இந்த வேலைய தொடாதீங்க. உப்புத் தண்ணிய அன்னிக்கே நிறுத்திட்டு ரெசிஸ்டர் மாட்டி காய வெச்சே சார்ஜ எறக்குனோம்.

கரைக்கறதுக்கு தண்ணி கலந்த சல்ஃப்யூரிக் ஆசிட், 60, 70 டிகிரி சூடு, கூட ஹைட்ரஜன் பெராக்சைடு. பெராக்சைடு எதுக்குன்னா, செல்லுல இருக்கற கோபால்ட் மூணு சார்ஜோட இருக்கும், ஆசிட்ல சுலபமா கரையாது, பெராக்சைடு அத ரெண்டாக்கிக் குடுக்கும், அந்த வேகத்துல ஆக்சிஜன் கெளம்பும். கொஞ்சம் கொஞ்சமா ஊத்துப்பான்னு சொல்லிட்டு நான் டீ குடிக்க போன நேரத்துல ஷெட்ல வேல பாக்கற பையன் ஒரே மூச்சா ஊத்திட்டான். பொங்கலன்னிக்கு பானை பொங்கற மாதிரி பொங்கி தரையெல்லாம் கருப்பு நுரை. ட்ரே வெச்சிருந்ததால தப்பிச்சோம்.

ரெண்டாவது பேட்ச்ல இருந்து சரியாயிடுச்சு. வடிகட்டுனா அச்சு அசல் ரோஸ் மில்க் கலர்ல தண்ணி, கோபால்ட் சல்பேட். பாய் அந்த பாட்டில வெளிச்சத்துல தூக்கி தூக்கி பாத்தார்.

அப்பறம் வழக்கமான வேல. பிஹெச்ச கொஞ்சம் ஏத்தி இரும்பையும் அலுமினியத்தையும் வெளிய தள்றது, இன்னும் ஏத்தி கோபால்ட்ட ஹைட்ராக்சைடா எறக்கறது, அது ஜவ்வரிசி கூழ் மாதிரி வந்து ஃபில்டர் துணிய அடைக்கறத பாத்து திட்டறது, கடைசியா மிச்சத் தண்ணிய கொதிக்க வெச்சு சோடா ஆஷ் போட்டு லித்தியம் கார்பனேட்ட பிடிக்கறது. லித்தியம் கார்பனேட் ஒரு விசித்திரம், சூடான தண்ணியிலதான் கம்மியா கரையும், அதனால கொதிக்க கொதிக்க வடிகட்டணும்.

பிஹெச் ஏத்த அம்மோனியா போட்டா சல்லிசா இருக்கும், கடைசியில வர்ற உப்பு உரமாவும் போவும்னு ஒரு யோசனை வந்துச்சு. ரேர் எர்த் (மேக்னெட்டுக்கு போற நியோடிமியம் மாதிரி உலோகங்க) ரிஃபைனரிங்க பலதுல அம்மோனியாவ தாராளமா யூஸ் பண்ணாங்க, சைனாவுல அந்த அம்மோனியா கழிவுத் தண்ணியே பெரிய தலைவலி ஆச்சு. ஆனா 2023 டிசம்பர் கடைசியில எண்ணூர் பெரியகுப்பத்துல கடலுக்கடியில போற அம்மோனியா பைப் நடுராத்திரி லீக் ஆகி ஜனங்க கொழந்தைங்கள தூக்கிட்டு ஓடுனத பாத்த ஊரு இது. இங்க ஒரு ஷெட்ல இருந்து அந்த வாட வந்துச்சுன்னா விஷயம் முடிஞ்சுது. அம்மோனியா வேணாம்னுட்டு காஸ்டிக் சோடா போட்டோம். அங்கதான் உப்பு ஆரம்பிச்சுது.

கணக்கு

100 கிலோ லித்தியம் கோபால்ட் ஆக்சைடு உள்ள போவுதுன்னு வெச்சுக்கங்க. அதுல கோபால்ட் 60 கிலோ, லித்தியம் 7 கிலோ, மீதி ஆக்சிஜன். இத கரைக்க சல்ஃப்யூரிக் ஆசிட் 150 கிலோ வேணும். கோபால்ட்ட கீழ எறக்க காஸ்டிக் 82 கிலோ, லித்தியத்த எறக்க சோடா ஆஷ் 54 கிலோ. கையில கிடைக்கறது கோபால்ட் ஹைட்ராக்சைடு 95 கிலோ, லித்தியம் கார்பனேட் 38 கிலோ. தண்ணியில மிச்சம் நிக்கறது சோடியம் சல்பேட் 218 கிலோ.

வித்துக் காசு பண்ற சரக்கு 133 கிலோ, யாருக்கும் வேணாத உப்பு 218 கிலோ. இது ஒரு சொட்டு ஆசிட் கூட வீண் பண்ணாத பேப்பர் கணக்கு, நிஜத்துல ஆசிட் கொஞ்சம் கூடத்தான் ஊத்துவோம், அதுக்கேத்த காஸ்டிக்கும் கூடும், உப்பும் கூடும். இத எந்த மெஷினாலயும் மாத்த முடியாது. ஆசிட்டா உள்ள போன சல்பேட் எங்கயாவது வெளிய வந்துதான் ஆவணும். டேங்க் சின்னதா இருந்தாலும் 218தான், பெருசா இருந்தாலும் 218தான்.

இந்தக் கணக்க நான் ட்ரையலுக்கு முன்னாடியே போட்டிருக்கணும். பேட்ச் நாலு முடிஞ்சு ட்ரம்முங்க வரிசையா நிக்கறத பாத்துட்டுதான் போட்டேன்.

பாய் கிட்ட சொன்னேன். அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

"கடல்ல இல்லாத உப்பா தம்பி? தோ இருக்குது கடலு."

கடல் தண்ணியில லிட்டருக்கு 2.7 கிராம் சல்பேட் இருக்கு. எங்க ட்ரம்ல கழுவுன தண்ணியெல்லாம் சேத்து லிட்டருக்கு 100 கிராம் கிட்ட. மாசு கட்டுப்பாட்டு வாரியம் கரைஞ்ச உப்பு மொத்தமா லிட்டருக்கு 2100 மில்லிகிராம்னு வரம்பு வெச்சிருக்கு, நாங்க அதுக்கு எங்கயோ மேல. உப்பு மட்டும் இல்ல, கோபால்ட்டும் நிக்கலும் எவ்ளோ எறக்குனாலும் கொஞ்சம் நிக்கும். எலக்ட்ரோலைட்ல இருந்து வர்ற ஃப்ளூரைடுக்கு சுண்ணாம்பு போட்டாலும் லிட்டருக்கு 8 மில்லிகிராம் கிட்ட போய் நின்னுடும், அதுக்கு கீழ எறக்க வேற வேல பாக்கணும், ஆத்துல விடறதுக்கு வரம்பு 2. இதெல்லாத்துக்கும் மேல, அந்த வாய்க்கா நேரா கடலுக்கு போகல. கழிமுகத்துல இடுப்பளவு தண்ணியில நின்னு கையால எறா தடவிப் பிடிக்கறாங்களே அவங்க காலு வழியாதான் போவுது. 2023 மிக்ஜாம் வெள்ளத்துல எண்ணெய் வந்து படிஞ்சப்போ அவங்க படகு, வலை, கை காலு எல்லாம் என்ன ஆச்சுன்னு பாய்க்கே தெரியும், அவரே அந்த வாரம் ஆளுங்களுக்கு சோறு கொண்டு போய் குடுத்தவர். அதுக்கப்பறம் கடலப் பத்தி பேசல.

அப்ப தண்ணிய காய்ச்சி உப்ப எடுத்துடலாமா? 1000 லிட்டர் தண்ணிய வெறும் ஹீட்டர்ல ஆவியாக்க 630 யூனிட் கரண்டு, கொதிநிலைக்கு கொண்டு வர்ற செலவு தனி. ஆவியையே அமுக்கி திரும்ப சூடாக்கற மெஷின் இருக்கு, அதுல கரண்டு பத்துல ஒரு பங்குக்கும் கீழ வரும், ஆனா எங்க சைஸுக்கு அந்த மெஷின் விலை கேட்டப்போ பாய் விசிட்டிங் கார்ட திருப்பிக் குடுத்துட்டார். திருப்பூர் சாயப்பட்டறைங்க இதே பள்ளத்துல விழுந்து எந்திரிச்சவங்கதான். 2011 ஜனவரியில ஹைகோர்ட் மூடச் சொன்னதுக்கப்பறம் ஒரு சொட்டு வெளிய விடாம ஓட்டணும்னு ஆயிடுச்சு, தண்ணி சுத்தமாச்சு, நல்ல உப்பு திரும்ப சாயத்துக்கே போச்சு, கடைசியில நிக்கற கலப்பட உப்பு மூட்ட மூட்டையா யார்டுல குமிஞ்சுது. எங்க கதையும் அதே ரூட்டுதான்னு அப்பவே தெரிஞ்சிருக்கணும்.

காசிமேட்டு ஐஸ்

இந்த ஐடியா என்னோடது, அதனால திட்டும் எனக்குத்தான் சேரணும்.

சோடியம் சல்பேட்டுக்கு ஒரு குணம் உண்டு. 30 டிகிரியில 100 கிராம் தண்ணியில 40 கிராம் கரையும். 0 டிகிரிக்கு போனா 5 கிராம் கிட்டதான். அதாவது காய்ச்சாம, குளிர வெச்சாலே உப்பு தானா கீழ விழும். வெளிநாட்டு ப்ராசஸ் ஷீட்டு எல்லாத்துலயும் குளிர வெச்சு படிகமாக்குன்னு ஒரு வரியில போயிடுவாங்க. நம்மகிட்ட சில்லர் இல்ல, ஆனா காசிமேட்டுல ஐஸ் இருக்கே. மீன் லோடுக்கு போற ஐஸ் பார குட்டியானையில ஏத்திட்டு வந்து ஒடச்சு, பெரிய தொட்டிக்குள்ள போட்டு, அதுக்கு நடுவுல எங்க ட்ரம்ம எறக்குனோம். ஐஸ உள்ள போட்டா தண்ணி கூடிடும், அதனால வெளிய மட்டும்.

ஜனவரி ராத்திரி. காலையில வந்து மூடிய தொறந்தா கண்ணாடி குச்சி குச்சியா, கை நீளத்துக்கு படிகம், அவ்ளோ அழகு. சரிபாதிக்கு மேல உப்பு வந்துடுச்சு. மிச்சத் தண்ணிய அடுத்த பேட்ச் கழுவ எடுத்துக்கிட்டோம், நல்ல தண்ணி செலவும் கொறஞ்சுது. பாய்க்கு ஒரே சந்தோஷம், மூட்ட கட்டி அடுக்கி பிரியாணி சொல்லிட்டார். சோப்பு பவுடர் பண்றவங்க கிட்ட வித்துடலாம்னு பேச்சு. சாம்பிள் எடுத்துட்டு போனவன் நிக்கல் எவ்ளோ இருக்குன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டான், அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. துணி தோய்க்கற பவுடர்ல நிக்கல யார் வாங்குவா. சரி, மூட்ட இருக்கட்டும், உப்புதான, கெட்டா போவப் போவுதுன்னு ஓரமா அடுக்கி வெச்சோம்.

ஏப்ரல் வந்துச்சு.

குளிர வெச்சு எடுக்கற சோடியம் சல்பேட் சும்மா உப்பு இல்ல, ஒரு பங்கு உப்புக்கு பத்து பங்கு தண்ணி மூலக்கூற கட்டிப் பிடிச்சுட்டு வர்ற படிகம். எடையில பாதிக்கு மேல தண்ணிதான், அந்த 218 கிலோ இப்படி வந்தா 494 கிலோ. அந்தப் படிகம் 32.4 டிகிரி தாண்டுனா தன் தண்ணியிலயே தானே உருகிடும். ஐரோப்பாவுல குளிர் ஊர் கோடவுன்ல வெச்சா பெரும்பாலும் கல்லு மாதிரியே இருக்கும். தகர ஷெட்டு, மணலி, ஏப்ரல்னா? காலையில பையன் போன் பண்ணி "அண்ணே, மூட்ட எல்லாம் அழுவுது"ன்னான். போய் பாத்தா சாக்குக்கு அடியில இருந்து கோடு கோடா வழிஞ்சு தரையில ஓடி, பின்னாடி பள்ளத்துக்கு நாலு அடி முன்னாடி நிக்குது. மணல் மூட்ட போட்டு அணை கட்டி, பக்கெட்ல அள்ளி திரும்ப ட்ரம்ல ஊத்துனோம். ஜனவரியில ஐஸ் வாங்கி கெட்டியாக்குனத ஏப்ரல் வெயில் ஓசியில தண்ணியாக்கிடுச்சு.

நான் வேல பாத்த ஃபேக்டரியில உப்பு எல்லாம் சூடா எடுத்ததுதான், தண்ணி இல்லாத பவுடர். 32 டிகிரி விஷயம் படிச்சதுதான், ஞாபகத்துல இல்ல. குளிர் ஊர்ல எழுதுன ப்ராசஸ்ல ஒரு வரியா இருக்கறது நம்ம ஊர்ல ஒரு முழு வெயில் காலம்.

மேக்னெட்டு வேற கத

அதே 2025 ஏப்ரல் 4ஆம் தேதி சைனா ஏழு ரேர் எர்த்துக்கும் அத வெச்சு பண்ற மேக்னெட்டுக்கும் ஏற்றுமதி கட்டுப்பாடு போட்டுச்சு. டிஸ்ப்ரோசியம், டெர்பியம் எல்லாம் அந்த லிஸ்ட்ல. வண்டி மோட்டார் பண்றவங்க மேக்னெட் கிடைக்காம அல்லாடறாங்கன்னு டிவியில ஓட ஆரம்பிச்சதும் பாய் அந்த ரெண்டு ட்ரம்ம உள்ள ரூம்ல வெச்சு பூட்டுனார்.

ரேர் எர்த்துன்னா நம்ம ஊர்ல எல்லாருக்கும் மணவாளக்குறிச்சி மணல்தான் ஞாபகம் வரும். 1909ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர் அந்தப் பக்கத்துல இருந்து போன தேங்கா நாருல ஒட்டியிருந்த மணல பாத்துட்டுதான் அங்க மோனசைட், அதாவது ரேர் எர்த் இருக்கற கனிமம், இருக்கறத கண்டுபிடிச்சார். 1950ல ஆரம்பிச்சு இப்ப மத்திய அரசு நிறுவனமா இருக்கற ஐஆர்இஎல் அந்த மணல பிரிக்குது. மோனசைட்ல பாதிக்கு மேல ரேர் எர்த்துதான், ஆனா 8ல இருந்து 10 சதவீதம் தோரியமும் இருக்கு, அத தனியா எடுத்து கட்டிக் காக்கணும், அது அணுசக்தித் துறை சமாச்சாரம், ஷெட்ல பண்ற வேலையே இல்ல. அப்பறம் லாந்தனம், சீரியம், ப்ரசியோடிமியம், நியோடிமியம்னு வர்ற கூட்டத்த ஒன்னொன்னா பிரிக்கணும். இதுங்க கெமிஸ்ட்ரி இரட்டப் பிள்ளைங்க மாதிரி, பக்கத்து பக்கத்து ஆளுங்கள ஒரு தடவ கலக்கி பிரிச்சா லேசா ஒரு சாய்வுதான் கிடைக்கும், அதனால மண்ணெண்ணெய் மாதிரி ஒரு கரைப்பான்லயும் ஆசிட்லயும் நூத்துக்கணக்கான தொட்டியில மாத்தி மாத்தி கலக்கி ஓட்டுவாங்க. ரேர் எர்த் பூமியில ரொம்ப அரிதெல்லாம் இல்ல, பிரிக்கறதுதான் சள்ள புடிச்ச வேல. உலகத்துல சுத்திகரிக்கறதுல 90 சதவீதம் சைனா கையில இருக்கறதுக்கு அந்த சள்ளய முப்பது வருஷத்துக்கும் மேல பொறுமையா பண்ணதும், அந்த அழுக்க தாங்கிக்கிட்டதும்தான் காரணம்.

பழைய மேக்னெட்ல இந்த ரெண்டு தொல்லையும் இல்ல. தோரியம் எப்பவோ யாரோ எடுத்துட்டாங்க. நியோடிமியத்தையும் ப்ரசியோடிமியத்தையும் பிரிக்கவே வேணாம், மேக்னெட் பண்றவன் ரெண்டையும் சேத்தேதான் வாங்குவான். மேக்னெட்ல 72 சதவீதம் இரும்பு, 27 சதவீதம் நியோடிமியம் வகையறா, துளி போரான். அப்படியே ஆசிட்ல போட்டா ஆசிட் பூரா இரும்புக்கே போயிடும். அதனால மொதல்ல வறுக்கணும். 310 டிகிரி தாண்டுனாலே காந்தம் செத்துடும், அதுவரைக்கும் அது கிட்ட போறதே ஆபத்து, ஒரு பையனுக்கு ரெண்டு மேக்னெட்டுக்கு நடுவுல விரல் மாட்டி நகம் போச்சு. செத்ததுக்கப்பறம் பொடி பண்ணி, காத்தோட்டத்துல இன்னும் நல்லா வறுத்தா இரும்பு காவி கலர் ஆக்சைடா மாறிடும், அப்பறம் லேசான ஆசிட்ல நியோடிமியம் கரையும், இரும்பு பெரும்பாலும் காவியாவே அடியில நிக்கும்.

எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இதுக்கு அடுத்தது. கரைஞ்ச நியோடிமியத்த எறக்க காஸ்டிக் வேணாம், ஆக்சாலிக் ஆசிட் போதும். நியோடிமியம் ஆக்சலேட்டா கீழ விழும்போது அது கரையறதுக்கு செலவான ஆசிட் அப்படியே தண்ணிக்கு திரும்பி வந்துடும். உப்பு கிடையாது. வடிகட்டுன தண்ணிய அடுத்த பேட்ச்சுக்கு ஊத்தலாம், மேக்னெட் மேல பூசியிருக்கற நிக்கலும் உள்ள இருக்கற போரானும் சேந்து சேந்து கெட்டுப் போற வரைக்கும். நாங்க அஞ்சு தடவ சுத்துனோம், ஆறாவதுல சுத்தம் கொறய ஆரம்பிச்சுது. ஆக்சலேட்ட வறுத்தா ஒரு கிலோ மேக்னெட்டுக்கு 300 கிராம் கிட்ட ஆக்சைடு, காப்பிப்பொடி கலரு. கோபால்ட்டுக்கு ரெண்டு டஜன் ட்ரம் நின்ன எடத்துல இதுக்கு நின்னது மூணு.

சுத்தமான, சின்ன டெக்னாலஜின்னா என் அகராதியில இதுதான். மெஷின் புதுசான்னு நான் பாக்கல, ஊத்துனது திரும்பி வருதான்னு பாத்தேன்.

பாய் பையன் காட்டுன வீடியோங்க

பாயோட பையன் இன்ஜினியரிங் படிக்கறான், வாரத்துக்கு ஒரு வீடியோ அனுப்புவான். ஒன்னு லான்மாடுலின், 2018ல பென் ஸ்டேட்ல ஜோசஃப் கொட்ரூவோ குழு ஒரு பாக்டீரியாவுல கண்டுபிடிச்ச புரோட்டீன், ரேர் எர்த்த மட்டும் கவ்விப் பிடிக்கும். 2023ல வேற ஒரு பாக்டீரியாவோட புரோட்டீன வெச்சு நியோடிமியத்தையும் டிஸ்ப்ரோசியத்தையும் ஒரே கட்டத்துல 98 சதவீதத்துக்கு மேல பிரிச்சு காட்டுனாங்க. மண்ணெண்ணெய் இல்லாம தண்ணியிலயே நடக்குது, நெஜமாவே அசத்தல். டிஸ்ப்ரோசியம் பிரிக்கற நாள் வந்தா இதத்தான் மொதல்ல தேடுவேன். எங்களுக்கு இப்ப இருக்கற வலி அது இல்ல.

இன்னொன்னு நம்ம ஏரியா சம்பந்தப்பட்டது. ரைஸ் யுனிவர்சிட்டியில ஜேம்ஸ் டூர் குழு நிலக்கரி சாம்பல்ல ஒரு செகண்ட் கரண்ட பாய்ச்சி 3000 டிகிரிக்கு சூடாக்கி, அப்பறம் லேசான ஆசிட்லயே ரேர் எர்த் எடுத்தாங்க, 2022ல பேப்பர் வந்துச்சு. "அண்ணா, செப்பாக்கத்துல மலை மாதிரி சாம்பல் கெடக்குதே"ன்னான். கெடக்குது, அனல் மின் நிலையத்து சாம்பல் கொட்டற எடம் அது. ஆனா சாம்பல்ல ரேர் எர்த் டன்னுக்கு சில நூறு கிராம்தான், அத எடுத்ததுக்கப்பறமும் 999 கிலோவுக்கு மேல சாம்பல் அங்கயேதான் இருக்கும், இப்ப ஆசிட்ல நனைஞ்ச சாம்பலா.

எங்க வலிக்கு நேரா வந்த டெக்னாலஜி ஒன்னே ஒன்னுதான், பைபோலார் மெம்பரேன் எலக்ட்ரோடயாலிசிஸ். வாயில நொழையாத பேரு, வேல சிம்பிள். அடுக்கடுக்கா மெம்பரேன் (சவ்வு) வெச்சு கரண்ட் விட்டா, சோடியம் சல்பேட் தண்ணி ஒரு பக்கம் காஸ்டிக்காவும் இன்னொரு பக்கம் சல்ஃப்யூரிக் ஆசிட்டாவும் பிரிஞ்சு வரும். ரெண்டுமே நாங்க காசு குடுத்து வாங்குன சாமான், அது திரும்ப டேங்குக்கே போவும், 218 கிலோ அப்படியே காணாம போயிடும். தண்ணிய பிளக்க தியரில 0.83 வோல்ட் போதும், நடைமுறையில மூணு நாலு மடங்கு ஆவும். வர்ற ஆசிட் நீத்த ஆசிட்தான், எங்களுக்கு அது போதும். ஒரு காலேஜ் லேப்ல அந்த மெம்பரேன் அடுக்கு சின்னதா ஒன்னு இருந்துச்சு, எங்க தண்ணிய எடுத்துட்டு போய் ஓட்டுனோம். ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு. மூணாம் நாள் கரண்ட் எறங்க ஆரம்பிச்சுது, தொறந்து பாத்தா மெம்பரேன் மேல வெள்ள படலம். கால்சியம், மெக்னீசியம். எங்க கழுவுற தண்ணி மணலி போர் தண்ணி, கடல் தண்ணி உள்ள ஏறுன நிலம், கெட்டில்லயே வெள்ளையா படியும், அந்த மெம்பரேனுக்கு கேக்கவே வேணாம். கோடிக்கணக்குல காசு போட்டு பேட்டரி சுத்தம் பண்ற டெக்னாலஜிய படுக்க வெச்சது போர் தண்ணி. தண்ணிய மொதல்ல கால்சியத்த பிடிச்சு வெக்கற ரெசின்ல விட்டு சுத்தம் பண்ணா சரியாவும், ஆனா அந்த ரெசின கழுவவும் உப்புத் தண்ணி வேணும், சிரிச்சுட்டு வந்துட்டோம்.

இப்ப எங்க நிக்குது

கருப்பு மாவுக்கு ஆசிட்டே வேணாம்னு முடிவு. அந்த மாவுலயே கிராஃபைட் இருக்குல்ல, காத்து படாம நல்லா சூடாக்குனா அந்தக் கரியே கோபால்ட்ட உலோகமா மாத்திடும், லித்தியம் கார்பனேட்டா மாறிடும். அத தண்ணியிலயும் கார்பன் டை ஆக்சைடுலயும் கழுவி எடுத்துடலாம். மிச்சம் நிக்கற கோபால்ட் பொடிய நாங்க கரைக்காம பெரிய ரிஃபைனரிக்கே வித்துடறது. வெல கம்மிதான். நாங்களே கரைச்சாலும் 218க்கு பதிலா 145 கிலோ உப்புதான் வரும், ஆனா 145 கிலோவ மட்டும் எங்க வெக்கறது. இதுல இருக்கற பெரிய கவலை புகை. மாவ தகட்டுல ஒட்ட வெக்கற பிவிடிஎஃப் பிளாஸ்டிக்ல எடையில 59 சதவீதம் ஃப்ளூரின், சூடானா ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் புகையா கெளம்பும், புகைய சுண்ணாம்புத் தண்ணியில கழுவுற ஸ்க்ரப்பர் இல்லாம அடுப்ப பத்த வெக்கறதில்ல. மொதல்ல ஸ்க்ரப்பர், அப்பறம்தான் அடுப்பு வாங்கறதுன்னு பாய் கிட்ட எழுதியே வாங்கிட்டேன். மேக்னெட் லைன் அப்படியே இருக்கு. ரெண்டுக்கும் சேத்து வாரியத்துக்கு அப்ளிகேஷன் போயிருக்கு.

2022 பேட்டரி கழிவு விதிப்படி லேப்டாப், எலக்ட்ரிக் வண்டி மாதிரி பேட்டரிய ரீசைக்கிள் பண்றவங்க 2026-27ல இருந்து 90 சதவீதம் பொருள மீட்டாகணும். 2025 செப்டம்பர்ல மத்திய அரசு முக்கிய கனிம ரீசைக்கிளிங்குக்கு 1500 கோடி ஊக்கத்தொகை அறிவிச்சுது, சின்ன ஆளுங்களுக்கும் பங்கு உண்டுன்னு சொல்றாங்க, நல்லதுதான். ஆனா இந்தக் கணக்கெல்லாம் எவ்ளோ மீட்டன்னுதான் கேக்குது. அத மீட்க எவ்ளோ உப்ப பெத்துப் போட்டன்னு கேக்கற காலம் இன்னும் நான் பாக்கல. 90 சதவீதம் கோபால்ட் எடுத்தவனும், அதையே வாய்க்காவுல உப்ப விட்டு எடுத்தவனும் அந்தத் தாள்ல ஒன்னுதான்.

அழுத மூட்டைங்கள பிளாஸ்டிக் ட்ரம்ல மாத்தி, காசு கட்டி கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு கிடங்குக்கு அனுப்பியாச்சு. ஒரே ஒரு மூட்டைய மட்டும் பாய் அனுப்பல, ட்ரேயில வெச்சு ஆபீஸ் ரூம் வாசல்ல போட்டிருக்கார். போன வாரம் ஒருத்தர் வந்தார், டை கட்டிட்டு, கலர் கலரா ப்ரோஷர், கண்டெய்னருக்குள்ள அடங்கற ரிஃபைனரி, 99.9 சதவீதம் சுத்தம், ஸ்விட்ச் போட்டா போதும்னு. பாய் பொறுமையா கேட்டார், டீ வாங்கிக் குடுத்தார், அப்பறம் அவர வாசலுக்கு கூட்டிட்டு வந்து மூட்டைய காலால லேசா தள்ளிக் காட்டுனார்.

"எல்லாம் சரி சார். இத எங்க வெப்பீங்க?"

அவர் போன எடுத்து யாருக்கோ அடிச்சுட்டு வெயில்ல நின்னுட்டு இருந்தார்.